உஷுவாயா போக: காற்றுக்கு நாள் ஒதுக்கிப் போடும் திட்டம்

அர்ஜென்டினாவின் தென்கோடியில், பீகிள் கால்வாயின் வடகரையில் இருக்கிற துறைமுக ஊர் உஷுவாயா. தியெரா தெல் ஃபுவேகோ மாகாணத்தின் தலைநகர். தென் அமெரிக்கா நெடுக வடக்கு தெற்காக ஓடிவரும் ஆண்டிஸ் மலைத்தொடர் இங்கே வந்ததும் மேற்கு கிழக்காகத் திரும்பிவிடுகிறது. அதனால் ஊருக்கு வடக்கே முழுக்க மலை, தெற்கே கால்வாய், அதற்கு அப்பால் சிலி நாட்டு நவரினோ தீவின் மலைகள். ‘உலகின் தென்கோடி நகரம்’ என்று ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். நவரினோ தீவில், இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கிற புவேர்த்தோ வில்லியம்ஸை 2019-இல் சிலி ‘நகரம்’ என்று அறிவித்துவிட்டதால் அந்தப் பட்டத்துக்கு இப்போது பங்காளிச் சண்டை நடக்கிறது. போகிறவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் வருவது வேறு இடத்தில். முதல் நாள் இது, இரண்டாம் நாள் அது, மூன்றாம் நாள் கிளம்பு என்று சென்னையிலேயே இறுக்கிக் கட்டின திட்டத்தோடு போகிறவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். மேற்கிலிருந்து பலமாகக் காற்று அடித்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள், அன்றைக்குப் படகு கிடையாது. மேகம் இறங்கினால் மலை ஏறிப் பயனில்லை. காலையில் வெயில், பதினொரு மணிக்கு மழை, ஒரு மணிக்கு ஆலங்கட்டி, மறுபடி வெயில் என்பது ஜனவரியிலும் நடக்கும். அதனால் குறைந்தது ஐந்து இரவு. அதில் ஒரு முழுநாளுக்கு எந்த முன்பதிவும் வேண்டாம். மூன்று இரவுதான் கிடைக்கும் என்றால், இவ்வளவு தூரம் போவதை இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

எந்த மாதம்

நமக்கு மார்கழி, தை என்றால் அங்கே கோடை. டிசம்பர் கடைசியில் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும், ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். ஜனவரியில் பகல் வெப்பநிலை சராசரியாக 14, 15 டிகிரி, இரவில் 5, 6. இதுதான் அங்கே உச்சக் கோடை. ஜூன் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானத்தில் ஓடும், மலையும் வடக்கேதான் இருக்கிறது. ஆகவே அந்த ஏழு மணி நேரத்திலும் ஊரில் பல தெருக்கள் நிழலில் கிடக்கும்.

சென்னைக் குடும்பங்களுக்குச் சிக்கல் பள்ளி விடுமுறை. அரையாண்டு விடுமுறையில் போனால் வானிலை சரி, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை ஏறிக் கிடக்கும். அன்டார்டிகா கப்பல்களில் பெரும்பாலானவை இந்தத் துறைமுகத்திலிருந்துதான் நவம்பர் முதல் மார்ச் வரை கிளம்புகின்றன, கப்பல் மாறும் நாட்களில் ஊரே நிரம்பிவிடும். மே மாத விடுமுறைதான் வசதி என்று நினைப்பவர்கள் அதை மறந்துவிடலாம். பெங்குயின் போயிருக்கும், பகல் சுருங்கியிருக்கும், பனிச்சறுக்குக்கு வேண்டிய பனி இன்னும் விழுந்திருக்காது. ஊரிலிருந்து 26 கிலோமீட்டரில் உள்ள செர்ரோ காஸ்தோர் பனிச்சறுக்கு மையம் ஜூன் கடைசிவாக்கில்தான் திறக்கும். பள்ளிக் கவலை இல்லாதவர்களுக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை நல்ல காலம். நெரிசலும் குறைவு, பெங்குயினும் இருக்கும். மார்ச் கடைசியில் லெங்கா மரங்கள் சிவக்கத் தொடங்கும்.

விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி

விசா வேலை டெல்லித் தூதரகத்திலோ மும்பைத் துணைத் தூதரகத்திலோதான். டிக்கெட், ஹோட்டல், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு என்று வழக்கமான கட்டுதான். பயணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் அர்ஜென்டினா சலுகை அறிவித்தது. அதை நம்பி டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிறுவன கவுன்டரில் இருப்பவர் தன் திரையில் காட்டுவதைத்தான் நம்புவார், உங்கள் செய்தித்தாள் கத்தரிப்பை அல்ல.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். ஊசி போட்ட சான்று இல்லாமல் அர்ஜென்டினாவுக்குள் போய்விடலாம். கேள்வி வருவது திரும்பி இந்தியாவுக்குள் நுழையும்போது. அர்ஜென்டினா, பிரேசில் இரண்டுமே இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்று இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உஷுவாயா குளிரில் அந்தக் கொசு இல்லையே என்று வாதாடிப் பயனில்லை, அவர்கள் பார்ப்பது நாட்டின் பெயரை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போகவேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும். முட்டை அலர்ஜி இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்கவேண்டும். அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால், விமான டிக்கெட்டுக்கு முன் இதை முடிவு செய்யுங்கள்.

விமானம்: புவெனஸ் ஐரஸில் இரண்டு நிலையம்

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா ஏதாவது ஒன்றில் மாறி, பெரும்பாலும் பிரேசில் வழியாகப் புவெனஸ் ஐரஸ் போய்ச் சேரலாம். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். காசு மிச்சம் பிடிக்கப் பிரேசில் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று வாங்கினால், பெட்டியை எடுக்க நீங்கள் பிரேசிலுக்குள் நுழையவேண்டி வரும், அதற்கு பிரேசில் விசா வேண்டும். மிச்சம் பிடித்தது விசாவுக்கே சரியாகிவிடும்.

வெளிநாட்டு விமானம் இறங்குவது எசெய்சா நிலையத்தில். உஷுவாயா விமானங்களில் பாதிக்கும் மேல் கிளம்புவது நகருக்குள் ஆற்றோரமாக இருக்கிற ஏரோபார்கேயில். இரண்டுக்கும் நடுவே நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் எசெய்சாவிலேயே முடித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். ஐந்து மணி நேர இடைவெளி என்பது குறைந்தபட்சம். ஓர் இரவு நகரில் தூங்கிவிட்டு மறுநாள் காலை விமானம் பிடிப்பது புத்திசாலித்தனம். ஒன்றரை நாள் பயணம் செய்து எட்டரை மணி நேர வித்தியாசத்தில் இருக்கிற உடம்பு, நான்காவது விமானத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளாது.

அடுத்த பொறி எடை. சென்னையிலிருந்து 30 கிலோ கொண்டுவந்திருப்பீர்கள். அர்ஜென்டினா உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோதான், மலிவு விமானங்களில் அதுவும் தனிக் கட்டணம். டிக்கெட் போடும்போதே கூடுதல் எடைக்குக் கட்டிவிட்டால் கவுன்டரில் கட்டுவதைவிடக் குறைவு. புவெனஸ் ஐரஸிலிருந்து மூன்றரை மணி நேரம் பறந்தால் உஷுவாயா. நிலையத்திலிருந்து ஊர் 4 கிலோமீட்டர், டாக்சியில் பத்து நிமிஷம்.

தரைவழியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வரைபடத்தில் அர்ஜென்டினாவிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போவதாகத்தான் தெரியும். ஆனால் தியெரா தெல் ஃபுவேகோ ஒரு தீவு, அதற்குள் சாலையில் போக சிலிக்குள் நுழைந்து, மகெல்லன் நீரிணையை ஃபெரியில் தாண்டி, மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வரவேண்டும். வேறு சாலை கிடையாது. ஆகவே சிலி விசாவும் வேண்டும், அர்ஜென்டினா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாகவும் இருக்கவேண்டும். சிலி எல்லையில் பழம், விதை, தேன் எதையும் விடமாட்டார்கள், பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் போடுவார்கள். புந்தா அரேனாஸிலிருந்து பஸ் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். காற்று பலமானால் ஃபெரி நிற்கும், பஸ்ஸும் கரையில் நிற்கும்.

என்ன உடுத்துவது

கொடைக்கானலுக்கு எடுத்துப்போகிற கம்பளி ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் இங்கே போதாது. குளிர் அதிகம் என்பதால் இல்லை. 8 டிகிரி வெப்பநிலை சமாளிக்கக்கூடியதுதான். ஸ்வெட்டரின் பின்னலுக்குள் காற்று புகுந்து வெளியே போகும், அதோடு தூறலும் சேர்ந்தால் பத்து நிமிஷத்தில் நடுக்கம் வந்துவிடும்.

அதனால் மூன்று அடுக்காகப் போடவேண்டும். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அது பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் குளிரைக் கொடுக்கும். அதற்கு மேல் ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட். பணத்தை இந்த மூன்றாவதில் போடுங்கள், மற்ற இரண்டும் மலிவானதாக இருந்தாலும் ஓடிவிடும். மூன்றுமே சென்னையில் டெகாத்லான் கடைகளில் கிடைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது. குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இந்தக் காற்றில் ஒரு தெரு தாங்காது. புடவை, சல்வார் தான் வசதி என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம். படகுக்கும் மலைக்கும் பேன்ட் போட ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

கட்டிடங்களுக்குள்ளே ஹீட்டரைத் தாராளமாக ஓடவிட்டிருப்பார்கள். உள்ளே போனதும் கழற்றவும் வெளியே வரும்போது மாட்டவும் எளிதாக இருக்கவேண்டும், மூன்று அடுக்குக்கு அதுவும் ஒரு காரணம். சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். தெற்கே ஓசோன் படலம் மெலிவதால், அங்கே வசந்தமான செப்டம்பர் முதல் நவம்பர் வரை குறிப்பாக, மேக மூட்டத்திலும் தோல் கருகும். ஷூ தண்ணீர் புகாததாக, கணுக்காலை மூடுவதாக இருக்கட்டும். ஒரே பயணத்துக்காக வாங்க மனமில்லை என்றால் சான் மார்த்தின் தெருவில் பூட்ஸ், ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

பிளக் ஐ வகை, சாய்ந்த இரண்டு தட்டைக் கால்கள். 220 வோல்ட் என்பதால் நம் சார்ஜர் அப்படியே வேலை செய்யும், அடாப்டர் மட்டும் போதும். ரிச்சி தெருவில் ‘ஆஸ்திரேலியா பின்’ என்று கேட்டு வாங்குங்கள்.

பணம்

யூபிஐ இல்லை. ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, வேறு வங்கியின் கிரெடிட் கார்டு ஒன்று, கொஞ்சம் ரொக்க டாலர் என்று மூன்று வழி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை எடுத்துப்போகலாம். சென்னையில் மாற்றும்போதே கிழியாத, கிறுக்காத புது நூறு டாலர் நோட்டாகக் கேளுங்கள். சின்ன நோட்டுக்கும் பழைய நோட்டுக்கும் அங்கே குறைந்த விலை கொடுப்பார்கள், சில இடத்தில் வாங்கவே மாட்டார்கள். ஏடிஎம்மை நம்பாதீர்கள். ஒரு முறைக்குக் கிடைப்பது கொஞ்சம், அதற்குக் கட்டணம் கொழுத்தது.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி வெளிநாட்டு கார்டில் கட்டி, பாஸ்போர்ட்டைக் காட்டினால் அறை வாடகைக்கும் அதோடு சேர்ந்த காலை உணவுக்கும் 21 சதவீத ‘ஐவா’ வரி கிடையாது. ரொக்கமாகக் கட்டினால் இந்தச் சலுகை போய்விடும். ரொக்கத்துக்குத் தனியாகத் தள்ளுபடி தருகிறோம் என்று விடுதிக்காரர் சொன்னால், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்குள்

கரையோரம் மைப்பு சாலை. அதற்கு ஒரு தெரு மேலே சான் மார்த்தின், கடைத்தெரு. அங்கிருந்து மேலே ஒவ்வொரு குறுக்குத் தெருவும் செங்குத்தாக ஏறும். இணையத்தில் விலை மலிவாக, ‘மலைக் காட்சி’ என்று போட்டிருக்கும் அறைகள் பெரும்பாலும் ஐந்தாறு தெரு மேலே இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறிப்போகும்போதுதான் மலிவின் காரணம் புரியும். பெரியவர்கள் இருந்தால் சான் மார்த்தினிலிருந்து இரண்டு தெருவுக்குள் எடுங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் பல கடைகள் மூடி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு முன் போனால் நாற்காலி கவிழ்ந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட நாளைக்கு என்று பழைய சிறைச்சாலையை எடுத்து வையுங்கள். கைதிகளைக் கொண்டே 1902-இல் கட்டத் தொடங்கி, 1947-இல் மூடிய சிறை. இப்போது கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கிறது, அரை நாள் தாராளமாக எடுக்கும். ஒரு சிறைப் பகுதியை மட்டும் பழுதுபார்க்காமல், சூடேற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே போகாதீர்கள். கால்வாயின் இரு கரையிலும் படகில் வாழ்ந்த யாகான் மக்களைப் பற்றிய பகுதியும் ஊர் அருங்காட்சியகங்களில் உண்டு. அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி, எதிர்க்கரையில் வாழ்ந்த கிறிஸ்டினா கால்டெரோன், 2022-இல் காலமானார்.

பாஸ்போர்ட்டில் ‘உலகத்தின் முடிவு’ முத்திரை குத்தித் தருகிறோம் என்று சில இடங்களில் கூப்பிடுவார்கள். ஒரு அட்டையில் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அரசு முத்திரை தவிர வேறு எதுவும் இருந்தால், அடுத்த எல்லையில் கேள்வி கேட்கிற அதிகாரியிடம்தான் நீங்கள் மாட்டுவீர்கள்.

படகு: முதல் நாளே ஏறுங்கள்

ஊருக்கு வந்த மறுநாள் காலைக்கே படகை வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாள் துறைமுகம் மூடினால் அடுத்த மூன்று நாளில் ஒரு நாளுக்கு மாற்றித் தருவார்கள். கடைசி நாள் மூடினால் பணம் திரும்பும், படகு திரும்பாது. காலைப் படகையே கேளுங்கள், கோடையில் பொதுவாக மதியத்துக்கு மேல் காற்று ஏறும். முன்தினம் இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் சராசரி வேகம் ஒரு வரியாகவும் ‘கஸ்ட்’ எனப்படும் திடீர் வீச்சு இன்னொரு வரியாகவும் இருக்கும், இரண்டாவதுதான் முக்கியம். படகு ஆடுவதும் துறைமுகம் மூடுவதும் அந்த வீச்சால்தான்.

சுற்றுலாப் படித்துறையில் வரிசையாக மரக்குடில்கள் இருக்கும், அங்கேயே டிக்கெட். டிக்கெட் விலையில் துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் சேராது, ஏறும் முன் தனியாகக் கட்டவேண்டும். குட்டைப் பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம்: கடல்சிங்கத் தீவு, பறவைத் தீவு, சிவப்பு வெள்ளை வரி போட்ட லெ எக்லேரே கலங்கரை விளக்கம். காட்டமரான் எனப்படும் பெரிய இரட்டை அடிப்பாகப் படகில் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம், ஆட்டம் குறைவு. சின்னப் படகில் குளிர் அதிகம், ஆனால் தீவுக்கு நெருங்கிப் போகும், சிலது இறங்கியும் நடக்க விடும். குழந்தைகள், பெரியவர்களோடு போனால் காட்டமரான். குமட்டல் வருகிறவர்கள் அவோமின் மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பறவைத் தீவு நெருங்கியதும் படகில் பாதிப் பேர் ‘பெங்குயின்’ என்று கத்துவார்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நிமிர்ந்து வரிசையாக நிற்கும். ஆனால் அது கார்மரான்ட், நம் பக்கத்து நீர்க்காகத்தின் உறவு. கழுத்து நீளம், ஒரு நிமிஷம் பார்த்தால் ஒன்று பறந்தே போகும். நிஜப் பெங்குயின் இருப்பது இன்னும் கிழக்கே மார்த்தில்யோ தீவில். படகிலிருந்தே பார்த்துத் திரும்பும் பயணம் ஐந்து, ஆறு மணி நேரம். தீவில் இறங்கி நடக்க வேண்டும் என்றால், ஊரிலிருந்து 85 கிலோமீட்டரில், 1886-இல் தொடங்கிய ஹார்பர்டன் பண்ணைக்கு வண்டியில் போய், அங்கிருந்து சின்னப் படகில் தாண்டவேண்டும். ஒரு நேரத்தில் இருபது பேருக்கு மேல் இறக்கமாட்டார்கள், ஆகவே இது ஒன்றை மட்டும் சென்னையிலிருந்தே பதிவு செய்யலாம். மகெல்லன் பெங்குயின்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜென்டூ வகை கொஞ்சம் குறைவாக இருக்கும்.

எஸ்மரால்டா ஏரி: சேற்றை எப்படித் தாண்டுவது

ஊரைச் சுற்றி நடக்க நிறைய இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்குத்தான் உடம்பும் நேரமும் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். 3-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் கிழக்கே பாதை தொடங்கும். மைப்பு சாலையில் இருக்கிற வேன் நிறுத்தத்திலிருந்து காலையில் வேன் போகும். திரும்பும் வேன் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போக வரச் சுமார் 10 கிலோமீட்டர், நான்கு ஐந்து மணி நேரம். ஏற்றம் அதிகமில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் நடந்துவிடும்.

சிரமம் சேறுதான். முதல் பகுதி லெங்கா காடு, வேர்கள் மேல் நடப்பது. அதைத் தாண்டியதும் கரிமச் சதுப்பு நிலம் திறக்கும், துர்பால் என்பார்கள். பல ஆயிரம் வருஷமாகப் பாசி மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிலம். மேலே சிவப்பாக, மெத்தென்று, காய்ந்த மாதிரி தெரியும். கால் வைத்தால் ஈர ஸ்பாஞ்சை அழுத்தின மாதிரி தண்ணீர் பொங்கும், சில இடத்தில் முழங்கால் வரை இறங்கும். இழுக்கும்போது கால் வரும், ஷூ வராது. மரப்பலகை போட்ட இடங்களில் பலகை மேலேயே போங்கள், பலகை இல்லாத இடத்தில் ஊன்றுகோலால் குத்திப் பார்த்து, கோல் நிற்கிற இடத்தில் கால் வையுங்கள். சிவப்புப் பாசியைவிடப் புல் கொத்துகள் கெட்டி. கறுப்பாக, பளபளவென்று இருக்கிற சேறுதான் ஆழம். சேறு படாமல் சுற்றிப் போகலாம் என்று எல்லோரும் ஓரமாக நடந்துதான் பாதை வருஷா வருஷம் அகலமாகி, பாசி செத்துப்போகிறது. ஷூ சேறாவதை ஏற்றுக்கொண்டு நடுவே நடப்பது நிலத்துக்கும் நல்லது, வேகமும் கூட. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், திரும்பும் வேனில் கைகொடுக்கும்.

வழியில் ஓடையை மறித்து, கடித்துப் போட்ட மரக்கட்டைகளால் கட்டின அணைகள் தெரியும், சுற்றி மரமெல்லாம் வெள்ளையாகச் செத்து நிற்கும். பீவர் என்கிற பெரிய கொறிவிலங்கின் வேலை. தோலுக்காக 1946-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தின்ன விலங்கு எதுவும் இங்கே இல்லாததால் பெருகித் தீவையே பிடித்துக்கொண்டது. கனடா மரங்கள் வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கும், இங்கத்து மரங்கள் துளிர்க்காது, அதனால் போன காடு போனதுதான். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் இந்த ஓடைகளில் குடிக்காதீர்கள், ஜியார்டியா கிருமி வயிற்றைக் கெடுக்கும். ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆளுக்கு ஒரு லிட்டர் பிடித்துப்போங்கள்.

கடைசி ஏற்றம் ஓடையை ஒட்டி. மேலே ஏறினதும் ஏரி. பனியாறு அரைத்த பாறைத்தூள் தண்ணீரில் மிதப்பதால் அந்தப் பச்சை நிறம், வெயில் பட்டால்தான் முழுசாகத் தெரியும். ஏரிக்கரையில் காற்று பள்ளத்தாக்கைவிட இரண்டு மடங்கு. வியர்வையோடு உட்கார்ந்தால் உடனே குளிரும், ஆகவே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஜாக்கெட்டை மாட்டுங்கள். வழியில் கழிப்பறை கிடையாது.

மார்சியால் பனியாறு ஊருக்கு மேலேயே, 7 கிலோமீட்டர் டாக்சியில் போய் அங்கிருந்து ஏறவேண்டும். சேர்லிஃப்ட் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள், நெடுநாளாக ஓடவில்லை. பனியாறு என்று பெயர்தானே தவிர, கோடையில் மிஞ்சியிருப்பது சின்னத் துண்டு. ஏறுவது கீழே தெரிகிற கால்வாய்க் காட்சிக்காக. மேகம் இல்லாத நாள், எழுந்ததும் ஜன்னலில் மலை உச்சி தெரிந்தால் கிளம்புங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

தேசியப் பூங்கா

ஊருக்கு மேற்கே 12 கிலோமீட்டரில், 1960-இல் ஏற்படுத்தின தியெரா தெல் ஃபுவேகோ தேசியப் பூங்கா. புவெனஸ் ஐரஸிலிருந்து 3,079 கிலோமீட்டர் ஓடிவந்த 3-ஆம் எண் சாலை இங்கே லபதாயா விரிகுடாவில் முடிகிறது, அந்தப் பலகையில் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். பூங்காவுக்குக் குட்டி ரயிலிலும் போகலாம், 1994-இல் சுற்றுலாவுக்காக மறுபடி ஓடத் தொடங்கிய பழைய கைதிகள் ரயில். குழந்தைகளுக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அந்தப் பணத்துக்கு வேன்தான் நல்லது. நடக்கிறவர்கள் கடலோரப் பாதையை எடுங்கள்: என்செனாதாவில் இறங்கி 8 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், கால்வாயை ஒட்டியே காட்டுக்குள் போகும். நுழைவுச் சீட்டைக் கடைசி வரை வைத்திருங்கள். மாலை வேனைத் தவறவிட்டால் ஊருக்கு நடைதான், பூங்காவுக்குள் போன் சிக்னலும் இல்லை.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை: சென்டோயா எனப்படும் பெரிய நண்டும், தீயைச் சுற்றி நட்டுவைத்து வாட்டிய ஆட்டுக்குட்டியும் ஊரெங்கும் கிடைக்கும். நண்டு எடைக்கு விற்கிறார்களா, தட்டுக்கா என்று ஆர்டர் செய்யும் முன் கேளுங்கள்.

சைவர்கள்தான் கவனமாக இருக்கவேண்டும். ‘வெஹெதாரியானோ’ என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டு ஹாம் (பன்றி இறைச்சி) போட்டுக் கொண்டுவருவார்கள், பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ (இறைச்சி, கோழி, மீன், ஹாம் இல்லாமல்) என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கிடைப்பவை: கீரை வைத்த எம்பனாடா (சோமாசி மாதிரி மடித்த பண்டம்), சோளம் வைத்த ஊமிதா எம்பனாடா, நியோக்கி, பாஸ்தா, வாட்டிய பாலாடைக்கட்டியான புரோவோலேத்தா, பீட்சா. பேக்கரியில் மெதியாலூனா என்கிற பிறை வடிவ ரொட்டி வாங்கும்போது ‘தே மந்தேகா’ என்று கேளுங்கள், அது வெண்ணெய். ‘தே கிராசா’ என்றால் மாட்டுக் கொழுப்பு. எம்பனாடா மாவிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

அதனால் சமையலறை உள்ள விடுதி எடுத்து, இரவு சாப்பாட்டை நாமே வைத்துக்கொள்வது பணத்துக்கும் வயிற்றுக்கும் நிம்மதி. லா அனோனிமா சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் கிடைக்கும், காய் விலை மட்டும் கூடுதல். எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி லாரியில் வருவது. அந்த ஊர்ச் சமையலில் காரம் கிடையாது. சென்னையிலிருந்து கம்பெனி சீல் போட்ட பொடி, புளியோதரை மிக்ஸ், ரவா உப்புமா மிக்ஸ் எடுத்துப்போங்கள். வீட்டில் கட்டின பொட்டலம், கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம், சுங்கத்தில் குப்பைக்குப் போகும். எடுத்துப்போனதை அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

திரும்பும்போது

உஷுவாயாவிலிருந்து கிளம்பும் அன்றே சென்னை விமானத்தைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். காற்றாலும் வேலைநிறுத்தத்தாலும் உள்நாட்டு விமானம் தள்ளிப்போவது அங்கே புதிதல்ல, தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட வெளிநாட்டு விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புவெனஸ் ஐரஸில் ஓர் இரவு வையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் பயணத் தாமதமும் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அன்டார்டிகா கப்பலில் வருகிறவர்கள் போகும்போதும் இதையே செய்யவேண்டும். கப்பல் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஊரில் இருங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்காது.

சேறு படிந்த பூட்ஸை விடுதியிலேயே தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெட்டியில் போடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும். மீனம்பாக்கத்தில் பெட்டி வருவதற்கு முன்பே அதைக் கேட்பார்கள்.